பழமும் பழைய பாட்டிலும் வைத்து வளைகாப்புக்கு வீட்டை அலங்கரிக்க முடியுமா?

ஏப்ரல் 5: கேள்வி

மே கடைசியில் மகளுக்கு வளைகாப்பு. மண்டபம் வேண்டாம், வீட்டிலேயே என்று முடிவாகிவிட்டது. பாளையங்கோட்டையில் சின்ன வீடு, அறுபது பேர் வருவார்கள். அலங்காரம் செய்பவர் சொன்ன தொகையைக் கேட்டதும் வீட்டுக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். பூவைக் குறைத்துப் பழம் வைக்கலாம், வாடகைச் சாமானுக்குப் பதில் வீட்டில் கிடக்கும் பாட்டில், டின், டப்பாவை வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைக்கிறேன். சம்பந்தி வீட்டார் பார்த்துவிட்டுக் கஞ்சத்தனம் என்பார்களோ என்று பயமாகவும் இருக்கிறது. யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

ஏப்ரல் 5, இரவு

செய்திருக்கிறேன். கஞ்சத்தனமாகத் தெரிவதற்கும் பாட்டிலின் விலைக்கும் சம்பந்தமில்லை. ஜாம் பாட்டில் ஒன்று, ஊறுகாய் பாட்டில் ஒன்று, நெய் டின் ஒன்று என்று கலந்து வைத்தால் வீடு காலி செய்கிறார்கள் என்றுதான் வருகிறவர்கள் நினைப்பார்கள். ஒரே அளவு, ஒரே வடிவம், ஒரு வரிசை முழுக்க நின்றால் கடையில் தேடி வாங்கியது என்று நினைப்பார்கள். எனவே இன்றைக்கே ஒரு வகையை முடிவு செய்து, தெருவில் நாலு வீட்டில் சொல்லி வையுங்கள். இன்னும் நாள் இருக்கிறது, சேர்ந்துவிடும்.

ஹார்லிக்ஸ் கண்ணாடி பாட்டிலை நம்ப வேண்டாம். இப்போது பாதி வீடுகளில் பாக்கெட்தான் வாங்குகிறார்கள். காபித்தூள், ஊறுகாய் பாட்டில்கள் சீக்கிரம் சேரும். வாசலுக்குப் பெரிதாக ஏதாவது வேண்டுமென்றால் ஓட்டல்களில் 15 கிலோ எண்ணெய் டின் காலியாகிக்கொண்டே இருக்கும். பழைய இரும்புக் கடைக்குப் போடும் விலைக்கே கொடுத்துவிடுவார்கள்.

பழத்துக்கும் இதே சட்டம்தான். கூடையில் எல்லாப் பழத்திலும் ரெண்டு ரெண்டு வைத்தால் ஆஸ்பத்திரிக்கு நோயாளியைப் பார்க்கப் போகிறவர் கையில் இருக்கும் கூடை மாதிரி ஆகிவிடும். ஒரு பாத்திரத்துக்கு ஒரே பழம், அதுவும் நிறைய.

பூவை அடியோடு விடச் சொல்லவில்லை. மல்லிகை இல்லாமல் வளைகாப்பு நடக்காது. மேடைக்குப் பின்னால் சுவர் முழுக்க ஒட்டுவார்களே, அந்தச் செலவைத்தான் வெட்டச் சொல்கிறேன்.

ஏப்ரல் 6

லேபிள் எடுப்பது பற்றிக் கேட்டிருக்கிறார்கள். சுடுதண்ணீரில் சோப்புத்தூள் போட்டு ஒரு ராத்திரி ஊறப்போட்டால் காகிதம் வந்துவிடும். பிசுபிசுப்பு மட்டும் நிற்கும். அதைத் தண்ணீர் வைத்துத் தேய்த்துக் கையை நோகடித்துக்கொள்ள வேண்டாம். தேங்காய் எண்ணெய் தடவி அரை மணி நேரம் விட்டால் பசை இளகிவிடும், பழைய துணியால் துடைத்துவிட்டு மறுபடி சோப்பு போட்டால் போதும்.

ஊறுகாய் வாசனை பெரும்பாலும் பாட்டிலில் இல்லை, மூடியில் இருக்கிறது. மூடி நமக்குத் தேவையில்லை.

இன்னொன்று. வயல், தோட்டம் உள்ள வீடுகளில் பூச்சிமருந்து பாட்டில் நல்ல வடிவத்தில் கிடக்கும். எத்தனை தரம் கழுவினாலும் அதைப் பழத்தின் பக்கத்தில் கொண்டுவரக் கூடாது. வேறு எதற்கும் எடுக்கவும் கூடாது.

ஏப்ரல் 8

“பழத்தை அடுக்கி அலங்காரம் பண்ணுவது வெள்ளைக்காரன் பழக்கம், நமக்குப் பூதான்” என்று ஓர் அண்ணாச்சி எழுதியிருக்கிறார்.

அண்ணாச்சி, நீங்கள் அம்மன் கோயில் கொடை விழாவுக்கே போனதில்லையா? பந்தலை நிமிர்ந்து பார்த்தால் வாழைத்தார், இளநீர்க் குலை, கமுகங்குலை, நுங்குக் குலை எல்லாம் தொங்குமே. அம்மன் கழுத்தில் எலுமிச்சை மாலை. சீர்த்தட்டு வந்தால் பாதித் தட்டு பழம். நமக்கு மேஜைதான் புதிது, பழம் புதிதில்லை.

ஏப்ரல் 9

நேற்று எழுதிவிட்டுப் படுத்தபின் சிறுவீட்டுப் பொங்கல் ஞாபகம் வந்தது. இந்தத் தலைமுறைப் பிள்ளைகளுக்காக ஒரு வார்த்தை: மார்கழி முழுக்க வாசல் கோலத்தில் சாணி உருண்டை பிடித்து அதில் பூசணிப்பூ வைப்போம். சாயங்காலம் அந்தச் சாணியைப் பூவோடு சேர்த்து எருவாகத் தட்டிக் காயவைப்போம். தை பிறந்ததும் பெண் பிள்ளைகளுக்கு என்று சின்னதாக ஒரு வீடு கட்டி, அதன் முன் பொங்கல் வைத்து, எருவையும் பொங்கலையும் தாமிரபரணியில் கொண்டுபோய் விடுவோம். இதில் கடையில் வாங்குவது என்ன இருக்கிறது? அரிசியும் வெல்லமும்தான்.

கேள்விக்கும் இதற்கும் நேரடி சம்பந்தம் இல்லை. அண்ணாச்சி கிளப்பிவிட்டார்.

ஏப்ரல் 14

சித்திரை விசு. பாபநாசத்தில் தீர்த்தவாரிக் கூட்டம், நான் வீட்டோடு. காலையில் கனி பார்த்தாகிவிட்டது. அம்பாசமுத்திரம், தென்காசி, செங்கோட்டைப் பக்கம் உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: முந்தின நாள் ராத்திரியே சாமி முன்னால் தட்டில் மா, பலா, வாழை, வெள்ளரி, எலுமிச்சை, தேங்காய், அரிசி, கொன்றைப்பூ, நகை, காசு, பின்னால் ஒரு கண்ணாடி எல்லாம் எடுத்துவைத்துவிட வேண்டும். விடிந்ததும் கண்ணைத் திறக்காமல் வந்து முதலில் அதைப் பார்க்க வேண்டும்.

இந்த வருஷம் கேள்வி மனதிலேயே இருந்ததால் கனியை வளைகாப்புக்கு ஒத்திகையாக வைத்தேன். ஒரே தட்டில் குவிக்காமல் மூன்று உயரத்தில் வைத்தேன். கீழே பிஸ்கட் டின், கவிழ்த்த ஐஸ்கிரீம் டப்பா, ஒரு பழைய அல்வா டப்பா. எல்லாவற்றின் மேலும் ஒரு வெள்ளை வேட்டி. கொலுப்படி கட்டியவர்களுக்கு இது கைவந்த வேலை. வேட்டியின் மேல் உச்சியில் பலாச்சுளை வைத்த வெண்கலக் கிண்ணம், நடுவில் மாம்பழம், கீழே வாழைச்சீப்பும் எலுமிச்சையும். பழம் அதே பழம்தான். தரையில் பரப்பியபோது கொஞ்சமாகத் தெரிந்தது, ஏற்றி வைத்ததும் நிறைந்துவிட்டது.

எனவே முதல் நாள் எழுதியதோடு இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஒரே வகை என்ற சட்டம் கண்ணுக்குத் தெரியும் பாத்திரத்துக்கு மட்டும். துணிக்குள் ஒளிந்து நிற்பது எந்தக் குப்பையாக இருந்தாலும் சரி, ஆடாமல் நின்றால் போதும். காலி பிளாஸ்டிக் டப்பாவாக இருந்தால் உள்ளே மணல் போட்டு மூடுங்கள். பலாவின் கனத்தில் ஐஸ்கிரீம் டப்பா அமுங்கிவிடும்.

ஏப்ரல் 15

கனிக்கு வைத்த கண்ணாடியை எடுக்கும்போதுதான் கவனித்தேன். பழக்கடைக்காரர்கள் எத்தனை வருஷமாக இதைச் செய்கிறார்கள்! கடையில் பெட்டியைச் சாய்த்து வைத்து, முன்வரிசையை மட்டும் அடுக்கி, பின்னால் ஒரு நிலைக்கண்ணாடி. பாதிப் பழம், முழுக் கடை. வளைகாப்பு மேஜை சுவரை ஒட்டி இருந்தால் பீரோவின் கண்ணாடிக் கதவைக் கழற்றிக்கூட வைக்கலாம் என்று எழுத நினைத்தேன். மைனி (அண்ணி) வாசித்துவிட்டு, “பீரோ கதவைக் கழற்று, மாப்பிள்ளை வீட்டில் அப்புறம் என்ன சொல்வார்கள் பார்” என்றாள். முகம் பார்க்கும் கண்ணாடி ரெண்டைச் சேர்த்து வையுங்கள், போதும்.

பழக்கடையில் இன்னொரு வித்தையும் உண்டு. பழத்துக்கு அடியில் வைக்கோல், கிழித்த காகிதம் எல்லாம் பழம் உருளாமல் இருக்க மட்டும் இல்லை, உயர்த்திக் காட்டவும்தான். நாலு கிலோ வாங்க வேண்டிய இடத்தில் ரெண்டு கிலோவில் கிண்ணம் நிறையும்.

ஏப்ரல் 20

எந்தப் பழத்தை எப்போது வாங்குவது என்பதில்தான் நிறையப் பேர் கஷ்டப்படுகிறார்கள். கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

பழத்தில் ரெண்டு ஜாதி. மா, வாழை, பப்பாளி, கொய்யா, சப்போட்டா, பலா, சீத்தா இவையெல்லாம் பறித்த பிறகும் பழுக்கும். பழுக்கும்போது எத்திலீன் என்ற வாயுவை விடும், அந்த வாயு பக்கத்தில் இருப்பதையும் பழுக்க வைக்கும். அரிசிப் பானைக்குள் மாங்காயைப் போட்டு மூடி வைப்பதன் ரகசியம் இதுதான், வாயு வெளியே போகாது. எலுமிச்சை, ஆரஞ்சு, திராட்சை, மாதுளை, அன்னாசி ஆகியவை பறித்தபின் பழுக்காது. பறித்த அன்று என்ன இனிப்போ அதுதான். அப்புறம் வாடும், அவ்வளவே.

ஆகவே மாதுளையையும் எலுமிச்சையையும் நாலைந்து நாள் முன்பே வாங்கி, அடுக்கிப் பார்த்து, பிடிக்கவில்லை என்றால் மாற்றி அடுக்கலாம். மாதுளைக்குத் தோல் காய்ந்து இறுகினாலும் உருவம் கெடாது, அலங்காரத்துக்கு அதைவிடப் பொறுமையான பழம் கிடையாது. மாம்பழமும் வாழையும் கடைசியில் வந்து சேர வேண்டும். வாழைச்சீப்பைப் பூக்கிண்ணத்தின் பக்கத்தில் வைக்காதீர்கள், எத்திலீன் பட்டால் பல பூக்கள் சீக்கிரம் வாடும்.

வாழையில் எது என்றால், மேஜைக்குச் செவ்வாழை நிறத்துக்காக. வாசலில் தொங்கவிட ஏத்தன் (நேந்திரன்) தார். களக்காட்டு ஏத்தனைத் தாராகக் கட்டினால் பக்கத்தில் வேறு தோரணமே வேண்டாம். மறுநாள் சிப்ஸ் போடலாம், காயாகவே வாங்கினால் இன்னும் நல்லது.

ஆப்பிள் வேண்டாம். தூரத்திலிருந்து வருகிறது, விலையும் கூட. மே மாதம் நம் ஊரில் பழத்துக்கா பஞ்சம்?

ஏப்ரல் 21

“மாம்பழம் ஒரே மஞ்சளாக வேண்டும், போட்டோவில் அழகாக வரும், அப்படி எங்கே கிடைக்கும்?” என்று ஒரு தங்கச்சி கேட்கிறாள். ஒரு கூடை முழுக்க அச்சடித்தது மாதிரி ஒரே மஞ்சளாக இருந்து, மோந்து பார்த்தால் வாசனையே இல்லை என்றால் சந்தேகப்படு. கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படி தடை. ஒரே நிறம் வேண்டாம், செந்தூரம் வாங்கு. தோள்பக்கம் சிவப்பு, கீழே மஞ்சள், இடையில் பச்சை. அதுவே மூன்று நிறம்.

ஏப்ரல் 27

கண்ணாடி பாட்டிலில் தண்ணீர் ஊற்றி எலுமிச்சை மிதக்க விடலாம் என்று இங்கே யாரோ படம் போட்டிருந்தார்கள். அந்தப் படத்தில் இருப்பது தோல் தடித்த வெளிநாட்டு எலுமிச்சை. நம் புளியங்குடி எலுமிச்சைக்குத் தோல் மெலிது, உள்ளே முழுக்கச் சாறு. பாட்டிலில் போட்டால் சிலது மூழ்கும், சிலது நடுவில் நிற்கும், சிலது மட்டும் மேலே வரும். தோலுக்கு அடியில் உள்ள வெள்ளைப் பஞ்சில் காற்று இருந்தால்தான் மிதக்கும். ஆரஞ்சு தோலோடு மிதப்பதும் உரித்ததும் மூழ்குவதும் அதனால்தான்.

மூழ்கினால் என்ன? பாட்டிலின் அடியிலிருந்து கழுத்து வரை முழுப்பழமாக நிரப்பி, அதன் பிறகு தண்ணீர் ஊற்றி, மேலே ரெண்டு மல்லிகை. மிதக்கிறதா மூழ்குகிறதா என்ற கேள்வியே வராது. வட்டமாக நறுக்கிப் போடுவது போட்டோவுக்கு மட்டும். மறுநாள் காலையில் தண்ணீர் கலங்கிவிடும், ஓரமெல்லாம் வழுவழுப்பாகிவிடும்.

விசேஷம் முடிந்த அன்றே பழத்தைத் தண்ணீரிலிருந்து எடுத்துத் துடைத்துவிட வேண்டும். வளைகாப்புக்கு எலுமிச்சைச் சாதம் எப்படியும் உண்டு. அதற்கு வாங்குவதையே முதலில் பாட்டிலில் நிறுத்துங்கள். மிச்சம் ஊறுகாய்க்கு. அப்படிப் பார்த்தால் அலங்காரச் செலவு மல்லிகை மட்டும்.

மே 2

நார்த்தங்காய் பற்றி ஒருவர் கேட்டதும் ஆச்சியின் தட்டட்டி, அதாவது மொட்டைமாடிதான் ஞாபகம் வருகிறது. உப்பு நார்த்தங்காய்க்குக் காயைத் துண்டாக்காமல் சுருள் சுருளாக அறுத்து, உள்ளே உப்பைத் திணித்து, வெயிலில் காயப்போடுவார்கள். அந்தச் சுருளைத் தொங்கவிட்டால் எவ்வளவு அழகு என்று எனக்கும் தோன்றியது. ஆனால் உப்பு ஈரத்தை இழுக்கும். மழைக் காற்று அடித்தால் சொட்டும், கீழே விரித்திருக்கும் துணி அதோடு போயிற்று. உப்பில்லாமல் சுருளாகத் தொங்கவிட்டால் தடிப்பான இடத்தில் பூஞ்சை பிடிக்கும்.

கால் அங்குல வட்டமாக நறுக்கினால் விஷயம் முடிந்தது. நார்த்தை, கிடாரங்காய், எலுமிச்சை எதுவானாலும் சரி. சொளகில் (முறத்தில்) பரப்பி, மேலே ஒரு மெல்லிய துணி போட்டு, தட்டட்டியில் வையுங்கள். இப்போது அடிக்கிற வெயிலுக்கு மூன்று நாலு நாளில் சக்கரமாக வந்துவிடும். ஒரு நாளைக்கு ஒரு தடவை திருப்பிப் போட வேண்டும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் உள்ளே இருக்கும் சுளை வரிகள் தெரியும். சணல் கயிற்றில் கோத்து சன்னலில் கட்டலாம். பல மாதம் இருக்கும், நிறம் மட்டும் பழுப்பாகும். மார்கழியில் முயற்சி செய்ய வேண்டாம்.

மே 4

டின் விளக்கு. அன்று எண்ணெய் டின் என்று எழுதினேனே, அது வாசலுக்கு. மேஜைக்குச் சின்ன டின். அதில் ஆணியால் ஓட்டை போட்டு உள்ளே அகல் வைத்தால் சுவரெல்லாம் புள்ளி புள்ளியாக வெளிச்சம் விழும்.

வெறும் டின்னில் ஆணி அடித்தால் நசுங்கும். வெளிநாட்டில் தண்ணீர் ஊற்றிப் பனிக்கட்டியாக உறைய வைத்து அடிக்கிறார்கள். நமக்கு எதற்கு ஃப்ரிட்ஜில் இடம்? ஈர மணலைக் கெட்டியாக அடைத்து, மேலே கோலப்புள்ளி வைத்த காகிதத்தைச் சுற்றி ஒட்டி, புள்ளியில் புள்ளியில் அடித்தால் டின் நசுங்காது. வேலை முடிந்ததும் மணலில் ஒரு கைப்பிடியை அடியிலேயே விட்டுவிடுங்கள், டின் சாயாது, அகலும் நேராக நிற்கும். ஓட்டையின் உள்பக்கம் கூராக இருக்கும், கையை விட்டுத் துடைக்கக் கூடாது. வாயோரத்தைச் சுத்தியலால் மடக்கித் தட்டிவிடுங்கள். குழந்தைகள் வருவார்கள்.

இன்னொரு லாபம்: மே மாதம் மின்விசிறியை அணைத்துவிட்டு வளைகாப்பு நடத்த முடியாது. திறந்த அகல் அணைந்துகொண்டே இருக்கும். டின்னுக்குள் இருந்தால் நிற்கும்.

கண்ணாடி பாட்டிலுக்குள் மெழுகுவர்த்தி வைப்பவர்கள் அடியில் மணலோ கல்லுப்போ போட்டு வையுங்கள். சூடு நேராகப் பட்டால் பாட்டில் விரியும். பிளாஸ்டிக் டப்பாவுக்குள் விளக்கு என்ற பேச்சே கூடாது. சிரட்டையிலும் (கொட்டாங்குச்சியிலும்) கூடாது, அது அடுப்பு எரிக்கிற பொருள்.

மே 9

அலங்காரக்காரர்கள் பச்சை நிறத்தில் ஒரு ஸ்பாஞ்ச் வைத்து அதில் பூவைக் குத்துவார்கள். பீனால் ஃபார்மால்டிஹைடு என்ற பிளாஸ்டிக் வகை அது. மட்காது, பொடிப்பொடியாக உதிரும். கேள்வி கேட்டவர் அதை எங்கே வாங்குவது என்று கேட்டிருக்கிறார்.

வாங்க வேண்டாம். வாழைமரத் துண்டு போதும். தார் வெட்டியதும் மரத்தைச் சாய்த்துவிடுவார்கள், வயல்காரரிடம் கேட்டால் சும்மா கிடைக்கும். ஒரு சாண் துண்டாக அறுத்துப் படுக்கப்போட்டு, உருளாமல் இருக்க அடியில் ஒரு சீவு சீவிவிட்டால் ஈர்க்கு, பூக்காம்பு, மாவிலைக் கொத்து எதை வேண்டுமானாலும் குத்தலாம். உள்ளே ஈரம் நிறைய இருப்பதால் பூ வாடாது. கோயில்களில் அலங்காரம் செய்கிறவர்கள் இதைத்தான் செய்கிறார்கள்.

வாழைக்கறை துணியில் பட்டால் போகாது. வெட்டும்போது பழைய உடுப்பு. மேஜையில் வைக்கும்போது அடியில் தட்டு, அல்லது பழைய கோரைப்பாயில் ஒரு துண்டு. பத்தமடைப் பாய் வீட்டில் கிழிந்து கிடந்தால் நல்ல பாகத்தை நீளமாக வெட்டி ஓரம் தைத்து மேஜை நடுவில் விரியுங்கள், துணி விரிப்பை விட அழகு.

ஈர்க்கில் பழத்தைக் குத்தி நிறுத்துவது அன்று காலையில் மட்டும். குத்துப்பட்ட பழம் தாங்காது, பொடி ஈ வந்துவிடும்.

மே 13

நுங்கு. சாப்பிட்டு முடித்த கூந்தலில் (நுங்கு எடுத்த வெறும் காயில்) மூன்று குழி இருக்கிறதே, அதில் மூன்று சின்ன விளக்கு வைக்கலாமே என்று ஒருவர் யோசனை. யோசனை அருமை. எறும்புக்கும் அருமை. ரெண்டாம் நாள் சுருங்கிக் கோணிவிடும். அதை வண்டி செய்து பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள், வளைகாப்பு முடியும் வரை தொல்லை இல்லாமல் தெருவில் ஓட்டுவார்கள்.

இளநீர்க் கூட்டை அடியில் சமமாக வெட்டினால் பூச்சாடியாக நிற்கும். அதுவும் ஓரிரு நாள்தான். நாள்கணக்கில் நிற்க வேண்டும் என்றால் விளாம்பழ ஓடு. சதையைச் சுரண்டி எடுத்துக் காயவைத்தால் குங்குமம், சந்தனம் வைக்கச் சரியான கிண்ணம். ஆனால் விளாம்பழத்துக்கு இது காலமில்லை, பிள்ளையார் சதுர்த்தி சமயத்தில் சேர்த்து வையுங்கள்.

மே 16

எலுமிச்சைத் தோலைத் திருப்பி நெய் ஊற்றி விளக்கேற்றி மேஜை முழுக்க வைக்கலாம் என்று சொன்னவருக்கும், அது துர்க்கைக்கு ராகுகாலத்தில் ஏற்றுவது, வீட்டில் ஏற்றக் கூடாது என்று சொன்னவருக்கும் சண்டை ரெண்டு நாளாக நடக்கிறது.

எனக்கு இதில் நம்பிக்கை, நம்பிக்கையின்மை எதுவும் இல்லை. ஆனால் அறுபது பேர் வருகிற வீட்டில் ஒரு பெரியம்மாவாவது முகம் சுளிப்பார். மாசமாக இருக்கும் பெண்ணை உட்கார வைத்துக்கொண்டு அந்தப் பேச்சு எதற்கு? காருக்குறிச்சி மண் அகல் இருக்கிறது, வாங்கி வையுங்கள். அடுத்த கார்த்திகைக்கும் ஆகும்.

மே 19

கடைக்குப் போகும் முன் ஒரு விஷயம் பாக்கி. வளையல். வளைகாப்பில் வருகிற எல்லாப் பெண்களுக்கும் கண்ணாடி வளையல் கொடுப்பீர்கள். அதைப் பையில் வைத்துக் கடைசியில் எடுப்பதற்குப் பதில், சேர்த்த பாட்டில்களின் மேல் நிறம் நிறமாக மாட்டிவிடுங்கள். ஒரு பாட்டில் முழுக்கப் பச்சை, ஒன்று முழுக்கச் சிவப்பு, ஒன்று மஞ்சள். கூம்பிய கழுத்துள்ள பாட்டில் என்றால் கழற்ற எளிது. வளையல் பாட்டில் ஒன்று, எலுமிச்சை பாட்டில் ஒன்று என மாற்றி மாற்றி. வந்தவர்கள் அதிலிருந்தே எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம், இன்றைக்குத்தான் தோன்றியது.

பழத்துக்கு திருநெல்வேலி டவுண் நயினார்குளம் மார்க்கெட். விடியும் முன் போக வேண்டும். அவ்வளவு தூரம் முடியாதவர்களுக்கு மகாராஜநகர் உழவர் சந்தை. தோலில் தழும்பு உள்ள பழம் விலை குறைவு, தழும்பைச் சுவர்ப்பக்கம் திருப்பினால் யாருக்கும் தெரியாது. அடிபட்டு மெத்தென்று ஆனது மட்டும் வேண்டாம், ஒன்று அழுகினால் கூடையையே கெடுக்கும்.

சீர்த்தட்டைக் கண்ணாடித் தாளால் சுற்றி ரிப்பன் கட்டும் வழக்கத்தை விடுங்கள். உள்ளே வியர்த்துப் பழம் கசிகிறது, பிரித்ததும் தாள் குப்பை. ஓலைப்பெட்டியில் வைத்து மூடாமல் கொண்டுவந்தால் பார்க்கவும் நன்றாக இருக்கும், பெட்டி வீட்டில் புளி போட்டு வைக்க ஆகும்.

மே 28

முடிந்ததாம். கேள்வி கேட்டவர் நீளமாக எழுதியிருக்கிறார். எனக்குப் பிடித்த இடங்கள் மட்டும்:

நடுவில் மஞ்சள் பூசணி ஒன்றை வைத்து மேலே மல்லிகையைச் சுற்றியிருக்கிறார். சம்பந்தி வீட்டுத் தாத்தா அதைத் திருஷ்டிப் பூசணி என்று நினைத்து, விசேஷம் முடிந்ததும் தெருவில் உடைக்கத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாராம். வாசலில் மறித்து வாங்கியிருக்கிறார்கள். மறுநாள் சாம்பார்.

வளையல் பாட்டில் பாதி நேரத்திலேயே காலி. பயந்துகொண்டிருந்த சம்பந்தி அம்மாள் கேட்டது ஒன்றே ஒன்றுதானாம்: “இந்தப் பாட்டில் எங்கே வாங்கினீர்கள்?”

போகும்போது எல்லோருக்கும் மஞ்சப்பையில் மாம்பழமும் மாதுளையும். 2019 தொடக்கத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைத் தமிழ்நாட்டில் தடை செய்தார்கள், 2021 கடைசியில் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று அரசே சொன்னது. இருந்தாலும் விசேஷ வீடுகளில் கேரி பேக் ஒழிந்தபாடில்லை. இவர் துணிப்பை தைத்திருக்கிறார். அதுவும் வீட்டுக்காரரின் பழைய வேட்டியில். வீட்டுக்காரர் இப்போது தொகை பற்றி வாய் திறப்பதில்லையாம்.

ஜூன் 24

குற்றாலத்தில் சாரல். போய்விட்டு வந்தவர்கள் ரம்புட்டானும் மங்குஸ்தானும் வாங்கி வந்து, மேஜையில் எப்படி வைப்பது என்று கேட்கிறார்கள். ரம்புட்டான் வாங்கிய அன்று மட்டும் அழகு. மேலே உள்ள முடி ஓரிரு நாளில் கறுத்துவிடும், உள்ளே பழம் நன்றாகவே இருந்தாலும் பார்க்கச் சகிக்காது. அன்றைக்கே வைத்து அன்றைக்கே சாப்பிடுங்கள். மங்குஸ்தான் தோல் சாறு துணியில் பட்டால் ஊதாக் கறை நிற்கும். வெள்ளை விரிப்பில் வேண்டாம், வாழையிலை போட்டு வையுங்கள். காம்பு இலையோடு இருப்பதைப் பார்த்து வாங்குங்கள், அந்த நாலு பச்சை இதழ்தான் அதற்கு அலங்காரம்.

அருவிக்கரையில் காருக்குள் பழக்கூடையை வைத்துக் கண்ணாடியை இறக்கிவிட்டுப் போனவரின் கதையை வாசித்தேன். குரங்குகளுக்கு அவர் வைத்த விருந்துக்கு நம் இழையில் இடம் இல்லை.

அக்டோபர் 19

மழை பிடித்துவிட்டது. மே மாதம் சேர்த்த பாட்டில்களை நிறையப் பேர் தட்டட்டியிலும் கொல்லையிலும் வாய் திறந்தபடி வைத்திருப்பீர்கள். டெங்கு கொசு முட்டையிட இந்தத் தேங்கிய தண்ணீரைத்தான் தேடும். முட்டை ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகப் பறக்கும். பாட்டிலையெல்லாம் கவிழ்த்து வையுங்கள், ஆணி அடித்த டின்னைத் துடைத்து உள்ளே கொண்டுபோங்கள், துருப்பிடிக்கும். வீட்டுக்குள் பூ நிற்கும் பாட்டிலில் வாரத்துக்கு ரெண்டு தரமாவது தண்ணீரை மாற்றி உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

பெயிண்ட் வாளியைக் கழுவிப் பழம் போட்டு வைக்கலாமா என்று நேற்று கேட்டவருக்கு: வேண்டாம். அடியில் ஓட்டை போட்டு மண் நிரப்பிச் செம்பருத்திக் கம்பு ஊன்றுங்கள். இந்த மழைக்குத் துளிர்த்துவிடும்.